உப்பு ஏரி நகரத்து யோசேப்பு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிற சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது டெம்பிள் ஸ்கொயரில் உள்ள மார்மன் சபையின் ஆலயத்தைத்தான். 1853 ஏப்ரல் 6-ல் மூலைக்கல் வைத்து, 1893 ஏப்ரல் 6-ல் பிரதிஷ்டை பண்ணினார்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த அதே நாற்பது வருஷம்! நான் போனபோது ஆலயத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கோபுரங்களை அண்ணாந்து பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, மேட்டுத் தெருக்கள் வழியே நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினேன். ஜோசப் டெய்லர் என்ற மனிதரை நினைத்துத்தான் அந்த ஊருக்கே போனேன்.

1830-ல் இங்கிலாந்தின் ஹார்ஷம் ஊரில் பிறந்தவர் அவர். மார்மன் சபையில் சேர்ந்து, கடல் கடந்து, சமவெளி தாண்டி யூட்டாவுக்கு வந்தார். சவப்பெட்டி செய்வதும் அடக்கக் காரியங்களை நடத்துவதும் அவர் தொழில். நகரக் கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பும் நெடுங்காலம் அவரிடம் இருந்தது. 1876 முதல் 1904 வரை, அந்த நகரத்துச் சபைகளையெல்லாம் மேய்த்த ஆங்கஸ் கேனனுக்கு ஆலோசகராகவும் இருந்தார். பெட்டிக்குப் பலகை இழைத்த கைதான் சபையையும் நடத்தியது. அவர்கள் உபதேசமும் எங்கள் சபை உபதேசமும் பல இடங்களில் வேறுபடும். ஆனாலும் இயேசுவின் சரீரத்தைக் கேட்டு வாங்கி, மெல்லிய துப்பட்டியில் சுற்றித் தன் புதுக் கல்லறையில் வைத்த அரிமத்தியா யோசேப்பை நான் எவ்வளவு மதிக்கிறேனோ, அதே மதிப்பு இந்த ஜோசப் மேலும் எனக்கு உண்டு.

அந்த ஜனங்கள் தங்கள் செத்தவர்களை எப்படி விட்டுவிட்டு வந்தார்கள் என்று தெரிந்தால்தான் இவருடைய ஊழியம் புரியும். 1856-ல் யூட்டாவுக்குப் புறப்பட்ட மார்மன் பயணிகளான வில்லி கூட்டத்தார், ஏறக்குறைய ஐந்நூறு பேர், மாட்டுவண்டிக்கு வசதியில்லாமல் கைவண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு ஜூலை நடுவில் ஐயோவா சிட்டியிலிருந்து புறப்பட்டார்கள். காலம் கடந்த புறப்பாடு. வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. அக்டோபர் 23-ல் ராக்கி ரிட்ஜ் மேட்டை ஏறிக் கடந்தார்கள். மறுநாள் ராக் கிரீக் ஓடைக்கரையில் 13 பேரை ஒரே குழியில் வைத்தார்கள். அந்தக் குழியைத் தோண்டியவர்களில் இரண்டு பேரும் சீக்கிரமே இறந்து, பக்கத்தில் அடக்கமானார்கள். பெட்டி இல்லை, கல் இல்லை. உயிரோடிருந்தவர்கள் அடுத்த நாளே வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. எகிப்தில் செத்த யோசேப்பு தன் எலும்புகளைக் கொண்டுபோகச் சொல்லி ஆணையிட்டு வாங்கினான். இந்தப் பிள்ளைகளுடைய எலும்புகளைக் கொண்டுபோக யார் இருந்தார்கள்?

வந்துசேர்ந்த இடத்திலும் சாவு காத்திருந்தது. ஜார்ஜ் வாலஸ் 1847 செப்டம்பர் 27-ல் தன் குழந்தை மேரியை இந்த மேட்டில் புதைத்தார். பிறகு கல்லறைக்கு இடம் பார்க்கும் குழுவில் அவரையும் சேர்த்தார்கள். பிள்ளை கிடந்த மேட்டையே 20 ஏக்கராக அவர்கள் பரிந்துரைத்தார்கள். தோட்டத்தின் முதல் பொறுப்பாளரும் அவரே. சின்னச் சின்னக் கற்களுக்கு நடுவே நடந்தபோது இதை எண்ணி அழுதேன்.

1862-ல் இங்கே ஒரு கொடுமை நடந்தது. குழி வெட்டும் வேலைக்காரனான ஜான் பாப்டிஸ்ட் என்பவன் நூற்றுக்கணக்கான சவங்களின் உடைகளை உரித்துத் திருடியிருந்தது வெளிப்பட்டது. ஊரே கதறியது. தன் தாய், தன் பிள்ளை நிர்வாணமாகக் கிடக்கிறார்களே, உயிர்த்தெழும் நாளில் எப்படி எழுவார்கள் என்று கேட்டார்கள். மீட்ட துணிகளையெல்லாம் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அந்தக் காயம் ஆறாத 1860-களில்தான் தோட்டம் டெய்லரிடம் வந்தது. செத்தவர்களை நம்பி ஒப்படைக்க ஊருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, இவரை நம்பினார்கள். 1888-ல் உயிர்த்தெழுதலைப் பொருளாக வைத்தே ஓர் உரை நிகழ்த்தினார். தினமும் மண்ணைப் பார்த்த மனிதர் அதைச் சொல்வதில் ஒரு கனம் இருக்கிறது.

இறங்கும் வழியில் ஃபர்ஸ்ட் அவென்யூவில் மார்மன் சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் கல்லறை. 1877 ஆகஸ்ட் 29-ல் இறந்த அவர், தன் அடக்கத்தைப் பற்றி முன்பே எழுதி வைத்திருந்தார். ஒன்றேகால் அங்குல ரெட்வுட் பலகையில் பெட்டி; நீளம் தன் அளவைவிட இரண்டு அங்குலம் கூட; பக்கவாட்டில் கொஞ்சம் புரண்டு படுக்க இடம்; பஞ்சு மெத்தை, ஒரு தலையணை. துக்கத்துக்கென்று யாரும் கறுப்புத் துணி வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஒரு ஜனத்தையே நடத்திக்கொண்டு வந்தவர், பெட்டி செய்கிறவனுக்கு இத்தனை அன்பாகக் குறிப்பு எழுதியது என் மனதைத் தொட்டது.

தோட்டத்தில் சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் யூதர்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு; அங்கேயும் நின்று ஜெபித்தேன். மேட்டிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. நன்னீர் ஏரியிலிருந்து உப்பு ஏரிக்கு ஓடும் ஆற்றுக்கு யோர்தான் என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

ஆலயத்தின் உள்ளே போக அவர்கள் சபையைச் சேராத மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. பழுதுபார்த்து முடிந்தபின் 2027-ல் சில மாதங்கள் எல்லோருக்கும் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அப்போது போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதைக் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒதுக்குங்கள். ஏற்றம் செங்குத்து, நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள்.