உப்புக்காத்துக்கு தாங்குற தலைவாசக் கதவு

வேதாரண்யம் பக்கம் கதவு மாத்துறதுன்னா எந்த மாசத்துல மாத்துறோம்னு கூட யோசிக்கணும். சித்திரை வைகாசில மரம் காஞ்சு சுருங்கிக் கெடக்கும், ஐப்பசி பொறந்து மழை புடிச்சுச்சுன்னா அதே கதவு ஊதிப்போயி நிலைய முட்டிக்கிட்டு நிக்கும், தோள வச்சுத் தள்ளுனாத்தான் தெறக்கும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், ரெண்டுல இருந்தும் உப்பு வருது. இதுக்கு மேல புயல் வேற. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா கரையக் கடந்தது எங்க பக்கம் தான்.

இப்ப எங்க வீட்டு நிலை, கதவு ரெண்டையும் மாத்தி முடிச்சாச்சு. பாக்க வந்த எல்லாரும் மொதல்ல கேட்டது "என்ன மரம்?"னு தான். தேக்கு தான், பழசும் தேக்கு தான். ஆனா கடலோரத்துல கதவு கெட்டுப்போறதுக்கு பெரும்பாலும் மரம் காரணம் இல்ல, நிலையோட காலும் கீலும் ஸ்குரூவும் தான் மொதல்ல போகுது. மர டிப்போல அவ்வளவு நேரம் நிக்கிறவங்க இதுக்கு அஞ்சு நிமிஷம் கூட குடுக்குறதில்ல, அந்த ஆதங்கத்துல தான் இத எழுதுறேன்.

பழைய நிலைய கழட்டும்போது ஆசாரி அடிப்பக்கம் ஸ்குரூ டிரைவர வச்சு லேசா அழுத்துனாரு, வெந்த கிழங்குல எறங்குற மாதிரி எறங்கிருச்சு. அதே நிலைல இடுப்பு உசரத்துக்கு மேல இழைப்புளி போட்டா புது மரம் மாதிரி சுருள் சுருளா வருது, தேக்கு வாசன கூட அப்படியே இருக்கு. "தம்பி, மேல எல்லாம் வைரம் பாஞ்ச நடு மரம், ஒண்ணும் ஆகல, கால மட்டும் சிமெண்ட்டுக்குள்ள பொதச்சு கொன்னுருக்காங்க"ன்னாரு. மரத்தோட வெட்டுன முனை தண்ணிய உறிஞ்சுற அளவுக்கு பக்கவாட்டு உறிஞ்சாது, அந்த முனைய தளத்துக்குள்ள ரெண்டு இஞ்ச் பொதச்சு வச்சிட்டு தினம் வாசல் கழுவி ஊத்துனா என்ன ஆகும், மெதுமெதுவா மக்கும், ஈரம் இருக்க எடத்துக்கு கரையானும் வந்துரும். ரெண்டு கால்லயும் ஓரமா கொஞ்சம் வெள்ள விழுந்த மரம், அதாவது வைரம் பாயாத வெளிப்பக்க மரம் வேற இருந்துச்சு, கரையான் அத மட்டும் தின்னுட்டு வைரத்த விட்டு வச்சிருந்துச்சு.

அதனால புது நிலைய தளத்துல பொதைக்கவே இல்ல. ரெண்டு காலுக்கும் அடியில கருங்கல் கட்டை வச்சு அது மேல நிறுத்திருக்கோம், வெட்டு முனைலயும் செவத்த ஒட்டுற பின்பக்கத்துலயும் தார் பெயிண்ட் ரெண்டு கை. வாசப்படியும் மரம் இல்ல, கல்லு தான், வெளிய பாத்து லேசா சரிவு வச்சு எழைச்சது. அம்மாவுக்கு இதுல மனசே இல்ல. "நெலவாசலுக்கு மரப்படி இல்லாம எப்படிடா மஞ்ச பூசுறது"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆசாரி தான், "அக்கா, கோயில்ல படி எல்லாம் கல்லு தானே, அங்க மஞ்ச பூசலையா"ன்னாரு. நாயன்மார் பாட்டுப் பாடி கோயில் கதவத் தெறந்த ஊர்ல இருந்துக்கிட்டு இதுக்கு மேல என்ன பேசுறது, அம்மாவும் சரின்னுட்டாங்க, இப்ப வெள்ளிக்கெழம ஆனா அந்தக் கல்லுல தான் மஞ்சளும் குங்குமமும்.

கீல் வாங்கப் போன கடையில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எஸ்எஸ்னு ஒண்ண எடுத்து காந்தம் வச்சு காட்டுனாங்க, ஒட்டல பாருங்க ஒரிஜினல்னு. காந்தம் ஒட்டாதது எல்லாம் கடக்காத்துக்கு தாங்கும்னு அர்த்தம் இல்லங்க. மட்டமான 202 கிரேடுலயும் பெரும்பாலும் ஒட்டாது, 304லயும் ஒட்டாது, 316லயும் ஒட்டாது. 202 எங்க ஊர்ல சீக்கிரமே துருப்புள்ளி போட்டுரும், 304 கூட டீக்கறை மாதிரி பழுப்பா ஆயிரும், உப்புக்கு நல்லா தாங்குறது 316 தான், அதுல மாலிப்டினம் சேத்திருப்பாங்க. கெடச்சா அத வாங்குங்க. எனக்கு பக்கத்துல கெடைக்கல, அதனால கனமான பித்தளைக் கீல் நாலு போட்டேன். பச்சை பூக்கும் தான், ஆனா இரும்பு மாதிரி உதிராது. பித்தளைக் கீலுக்கு பித்தளை ஸ்குரூ தான் போடணும், இத விடவே கூடாது. பித்தளையும் இரும்பும் உப்புத்தண்ணியில ஒண்ணா நனைஞ்சா இரும்பு தான் மொதல்ல அரிச்சுப் போகும், கீல் பளபளன்னு இருக்கும், உள்ள ஸ்குரூ கழுத்து அறுந்து கெடக்கும். பித்தளை ஸ்குரூ தேக்குல முறுக்கும்போது தலை ஒடியும்னு பயம் இருந்துச்சு, ஆசாரி மொதல்ல அதே சைஸ் இரும்பு ஸ்குரூவ ஏத்தி எறக்கி தடம் போட்டுட்டு அப்புறம் பித்தளைய ஏத்துனாரு, ஒண்ணு கூட ஒடியல.

பழைய வீடுகள்ல குடுமிக் கதவு பாத்திருப்பீங்க, கீலே இருக்காது, கதவு மரத்துலயே மேலயும் கீழயும் குடுமி விட்டு குழியில நிறுத்திருப்பாங்க. துருப்பிடிக்க அங்க என்ன இருக்கு? எவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்காங்கன்னு இப்பத்தான் எனக்கு முழுசா உறைக்குது.

பாலிஷ் விஷயத்துல மெலமின் வேண்டாம், அது வீட்டுக்குள்ள இருக்க கதவுக்கு, வெயில்ல வெளுத்து வெடிச்சு உரியும். வெளிப்புறத்துக்குன்னு வர்ற பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் கேட்டு வாங்குங்க. கதவ மாட்டுறதுக்கு முன்னாடியே ஆறு பக்கமும் அடிக்கணும், முக்கியமா யாரும் பாக்காத அடி ஓரமும் மேல் ஓரமும். பூட்டுக்கு தோண்டுன குழிக்குள்ள கூட பிரஷ விட்டு ஒரு கை அடிச்சிருங்க. நாங்க மாட்டுனது காஞ்ச காலத்துல, அதனால சுத்தி ரெண்டு மூணு மில்லி சந்து விடச் சொன்னோம். பலகைகள பசை போட்டு எறுக்காம சட்டத்தோட காடிக்குள்ள சும்மா நிக்க விட்டிருக்கு, மழையில ஊதுனாலும் அங்கேயே அசைஞ்சுக்கும்.

புயலுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும். நம்ம கதவு எல்லாம் உள்பக்கம் தெறக்குறது, காத்து தள்ளுற வேகம் தாழ்ப்பாள் மேலயும் கீல் மேலயும் தான் விழும். கதவு புடுங்கிக்கிட்டா காத்து உள்ள பூந்து கூரைய உள்ள இருந்து மேல தள்ளும், வெளிய ஓடுற காத்தும் கூரைய மேல இழுக்கும், ரெண்டும் சேந்தா ஓடும் ஷீட்டும் நிக்காது. அதனால நடுவுல ஒரு ஆல்டிராப், அதான் பூட்டு மாட்டுற நீளத் தாழ்ப்பாள், அது மட்டும் போதாது. எங்க கதவுக்கு மேல ஒரு டவர் போல்ட் (மேல கீழ தள்ளிப் போடுற தாழ்ப்பாள்), கீழ ஒண்ணு, கீழது படிக்கல்லுல போட்ட ஓட்டைக்குள்ள நல்லா ஆழமா எறங்குது. நிலைய செவுத்தோட புடிக்கிற கிளாம்ப் கூட சாதா இரும்பு வேண்டாம், பூசி மறைச்சிட்டா துரு ஊதி செவுத்த வெடிக்க வைக்கிற வரைக்கும் தெரியாது.

சன்ஷேடு கம்மியா இருந்தா அதையும் கையோட நீட்டிருங்க, எங்க வீடு கெழக்கப் பாத்தது, மழைச்சாரல் நேரா கதவுல தான் அடிக்கும். அதுக்கப்புறம் பராமரிப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல, அப்பப்ப நல்ல தண்ணியில துணிய நனைச்சு கீலயும் தாழ்ப்பாளையும் தொடச்சு உப்ப எடுத்துட்டு ஒரு சொட்டு எண்ணெய். கோட்டிங் எங்கயாச்சும் மங்குனா புரட்டாசிக்குள்ள அடிச்சிருங்க, ஐப்பசி வந்துட்டா மரத்துல ஈரம் ஏறிரும், அப்புறம் அடிச்சா புடிக்காது.