மலாக்காவில் பொய்யாத பிள்ளையார்

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணத்தில் மலாக்காவை அடைந்தேன். ஆற்றைக் கடந்து, துக்காங் எமாஸ் என்று மலாயில் வழங்கும் தட்டார் தெருவுக்குள் நுழைந்ததும், பழக்கத்தின் காரணமாகக் கண்கள் உயர்ந்த இராஜகோபுரத்தைத் தேடின. அப்படி ஒன்றும் அங்கே இல்லை. கட்டடங்களின் வரிசையிலேயே, அதிகம் உயராத முகப்போடு அமர்ந்திருந்தது பொய்யாத விநாயக மூர்த்தி கோயில். சற்று அசந்திருந்தால் கடந்தே போயிருப்பேன்.

ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரரின் ஆட்சியில் வழங்கப்பட்ட நிலத்தில், மலாக்கா செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டியின் முயற்சியால் 1781இல் எழுந்த கோயில் இது. செட்டி என்ற பெயரைக் கேட்டு நாட்டுக்கோட்டை நகரத்தார் என்று எண்ணிவிடலாம். நானும் அப்படி எண்ணிக்கொண்டுதான் போனேன். நகரத்தார் இப்பகுதிக்கு வட்டித்தொழிலோடு வந்தது 19ஆம் நூற்றாண்டில். மலாக்கா செட்டிகளோ, சுல்தான்களின் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு கப்பலேறி வந்து, பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்த காலத்தில் உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே வேரூன்றிவிட்ட வணிகர்களின் வழிவந்தவர்கள். 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், நினா சத்து என்ற வணிகரைப் பெண்டகாரா என்ற முதலமைச்சர் போன்ற பதவியில் அமர்த்தும் அளவுக்கு இவ்வணிகர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. இன்று கோயிலின் அன்றாட நிருவாகத்தை நகரத்தாரே கவனிக்கிறார்கள் என்பது தனிக்கதை.

உள்ளே, கருங்கல் பிள்ளையாரின் முன்னால் கெபாயா என்ற மலாய் மேற்சட்டையும் சாரோங் என்ற கைலியும் அணிந்த மூதாட்டி ஒருவர் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். "வணக்கம், பாட்டி" என்றேன். சிரித்தார்; மறுமொழி மலாயில் வந்தது. காஜா பெராங்கிலுள்ள செட்டிக் கம்பத்தில் (கம்பம் என்றால் இங்கே சிற்றூர்) வளர்ந்த அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். இடையிடையே வந்த 'பொங்கல்' என்ற சொல் எனக்குத் தெளிவாக விளங்கியது. உடன் வந்த நண்பர் எஞ்சியதை மொழிபெயர்த்தார். போகியன்று வீட்டில் வாழையிலை விரித்து, மறைந்த முன்னோருக்குப் பிடித்த பண்டங்களைப் படைப்பார்களாம்; அதற்குப் 'பார்ச்சு' என்று பெயராம். நம் வீடுகளில் படையல் என்போமே, அதுவேதான். இலையில் சம்பல் என்ற மிளகாய்த் துவையலும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

போகிக்கு வந்தால் நேரில் பார்க்கலாம் என்றார். மேலும் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. அதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது.