ஒரு மட்சும் வெல்லாத வருடம்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுபவர்கள் எல்லோரும் வென்ற கதைகளாகவே எழுதுகிறார்கள். கப்போடு நிற்கும் படம், கீழே இரண்டு வரிசைப் பெயர்கள். நான் எழுதப்போவது எங்கள் கல்லூரியின் 2010 ஆம் ஆண்டு 19 வயதுப் பிரிவு உதைபந்தாட்ட அணியைப் பற்றி. அந்த வருடம் நாங்கள் ஒரு மட்சும் வெல்லவில்லை, சமநிலைகூட இல்லை. அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் கோர்னரில் வந்த பந்து எதிரணிப் பெடியன் ஒருவனின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அது தன்னுடைய கோல் என்று சொல்ல எங்கள் வட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஊரில் அப்போது “இவங்களுக்கு விளையாடத் தெரியாது” என்றார்கள். சரி, தெரியாதுதான். ஆனால் எங்கே பழகுவது? 2006 ஆவணியில் முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைவழியான ஏ9 பாதை பூட்டியபோது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஊரடங்கு, சங்கக்கடையில் சாமான் வாங்க வரிசை, ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் பயம். பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வரவேண்டும், பத்து நிமிடம் பிந்தினால் அம்மா படலையில் நிற்பார். 15 வயதுப் பிரிவிலும் 17 வயதுப் பிரிவிலும் ஆடியிருக்க வேண்டிய பின்னேரங்கள் எல்லாம் முற்றத்தில் டெனிஸ் பந்தைத் தட்டுவதில் போனது.

அதைவிடப் பெரிய இழப்பு அண்ணன்மார். பள்ளிக்கூட உதைபந்தாட்டத்தைப் பெடியள் பாதிக்கு மேல் பழகுவது மாஸ்டரிடம் இல்லை, இரண்டு வயது கூடிய அண்ணன்மாரிடம்தான். எப்போது பந்தை விடவேண்டும், மத்தியஸ்தர் பார்க்காதபோது சேட்டைப் பிடித்து இழுப்பவனை எப்படிச் சமாளிப்பது, இதெல்லாம் அவர்கள் சொல்லித் தருவது. எங்களுக்கு மேலே இருந்தவர்கள் கிளியரன்ஸ் (இராணுவத்தின் பயண அனுமதி) எடுத்துக் கப்பலில் திருகோணமலை போய், கொழும்பு போய், அப்புறம் இலண்டன், கனடா என்று போய்விட்டார்கள். (இதை வாசிக்கிற சிலருக்கே அது தெரியும்.) 2009 வைகாசியில் போர் முடிந்து, அடுத்த வருடம் அணி சேர்த்தபோது சொல்லித்தர ஆள் இல்லை, சேட்டுகளில் மட்டும் அவர்களுடைய இலக்கங்கள் பாதி அழிந்தபடி இருந்தன.

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் என்றால் பத்திரிசியார், இளவாலை ஹென்றியரசர், மகாஜனா என்று பள்ளிக்கூடங்களைச் சொல்வது வழக்கம். எங்கள் பெயர் அந்த வரிசையில் ஒருநாளும் இல்லை, ஆனாலும் முன்பு மோசமான அணியும் இல்லை. அந்த வருடம் எங்களைப் பிரித்து மேய்ந்தவர்கள் கடற்கரை ஊர்ப் பெடியள் நிறைந்த அணிகள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பந்து உதைக்கப் பள்ளிக்கூட மைதானம் தேவையில்லை, வீட்டு வாசலைத் தாண்டினால் வெளி. ஊரடங்கு எங்கள் விளையாட்டை நிறுத்திய அளவுக்கு அவர்களுடையதை நிறுத்தவில்லை என்பது என் கணிப்பு.

எங்கள் பொறுப்பாசிரியர் நல்ல மனிதர், சொந்தக் காசில் பணிஸும் பிளேன்ரீயும் வாங்கித் தருவார், உதைபந்தாட்டம் மட்டும் அவருக்குத் தெரியாது. லைனில் நின்று “உதைச்சு விடுங்கோடா!” என்பார், நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்து விடுவோம். அரைவாசிப் பேருக்கு பூட்ஸ் இல்லை. மைதானம் முழுக்க நெருஞ்சி. ஆவணியில் ஏ.எல். (உயர்தர) சோதனை என்பதால் பயிற்சி நேரத்தில் பாதி அணி ரியூசனில் இருக்கும்.

இருந்ததில் உருப்படியான ஆட்டக்காரன் வன்னியில் இருந்து வந்து சேர்ந்தவன். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து விடுபட்டு, பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தான். இடது காலில் செல் (எறிகணை) துண்டு இருந்தது, மழைக்கு வலிக்கும் என்பான், அந்தக் காலாலேயே நாற்பது யார் தூரம் பந்து போடுவான். அவன் போடும் பந்தைப் போய் எடுக்க எங்களில் ஒருவருக்கும் மூச்சு இல்லை. இரண்டாம் பாதியில் ஒவ்வொருவராகக் கால் பிடித்துக்கொண்டு விழுவோம். ஒரு மட்ச் இடைவேளை வரை 0-1, முடியும்போது 0-7. அன்றைக்கு அவன் எங்களை ஏசவில்லை, “மச்சான், நாளைக்கு விடிய ஓடுவமா?” என்று மட்டும் கேட்டான்.

ஓடினோம், கொஞ்ச நாள். பிறகு உலகக் கிண்ணம் வந்தது. ஸ்பெயின்-நெதர்லாந்து இறுதி ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமம், ஒரு வீட்டில் அடைந்து கிடந்து பார்த்தோம், இனியெஸ்தா 116 ஆவது நிமிடத்தில் அடித்தபோது அந்த வீட்டு ஐயா எழும்பி வந்து ஏசினார். விடிய ஓடுவது அதோடு நின்றது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். சங்கம் ஒவ்வொரு வருடமும் காசு சேர்க்கிறது, அதில் பெரும்பங்கு முதல் அணிக்கும் கிரிக்கெட்டுக்கும் இராப்போசனத்துக்கும் போகிறது. 19 வயதில் வந்து பூட்ஸ் கொடுத்து ஒன்றும் ஆகாது, எங்களைப் பாருங்கள். இந்த வருடக் காசில் 15 வயதுப் பிரிவுக்கு ஒரு நிரந்தரப் பயிற்றுநரின் சம்பளத்தையும், தூர ஊர்ப் பெடியள் பயிற்சி முடிந்து வீடு போக பஸ் காசையும் ஒதுக்கச் சொல்லிச் செயற்குழுவிடம் கேட்கப் போகிறேன். 2010 அணியில் இங்கே இருக்கிறவர்கள் முதலில் காசு போடுகிறோம். பொதுக்கூட்டத்தில் கை தூக்க ஆட்கள் வேண்டும், வந்து சேருங்கள்.