புஷ் அவுட்: திரும்பி வந்தாலும் நாமே ஆடத் தெரிந்த இடம்

நைன் பால் என்பது, மேசையில் மிக்க மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தையே வெள்ளைப் பந்தால் முதலில் தொட்டு ஆடி, 9-ஆம் எண் பந்தைப் பாக்கெட்டில் (மேசை ஓரக் குழியில்) விழச் செய்பவர் வெல்லும் பூல் ஆட்டம். அதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பிரேக்கை, அதாவது பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்கும் முதல் அடியை, பழக மணிக்கணக்கில் செலவிடுகிறார்கள். அதற்கு அடுத்த அடியை யாரும் தனியாகப் பழகுவதில்லை. பயிற்சி மேசையில் நாங்கள் ஓயாமல் பார்ப்பது இதைத்தான். பிரேக்கில் ஒரு பந்து விழுந்திருக்கும், 1-ஆம் எண் பந்து வேறொன்றின் பின்னால் மறைந்து நிற்கும். ஆடுபவர் "புஷ்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பந்தை வெட்டவெளியாகத் தெரியும் ஒரு பக்கத்துக்குத் தட்டிவிடுவார். ரேக் (அந்தச் சுற்று ஆட்டம்) அங்கேயே கைமாறிவிடும்.

புஷ் அவுட் விதி சின்னது, ஆனால் அரைகுறையாகவே பலருக்குத் தெரியும். பிரேக்கில் ஃபௌல் (விதிமீறல்) இல்லையென்றால், அதற்கு அடுத்த ஒரே ஓர் அடியில் புஷ் அவுட் எடுக்கலாம். பிரேக்கில் பந்து விழுந்திருந்தால் அந்த உரிமை பிரேக் செய்தவருக்கு, விழவில்லையென்றால் எதிராளிக்கு. அந்த அடியில் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தை முதலில் தொட வேண்டியதில்லை. எந்தப் பந்தும் குஷனை (மேசையின் ரப்பர் விளிம்பை) தொட வேண்டியதுமில்லை. மற்ற ஃபௌல்கள் எல்லாம் அப்படியே இருக்கும். வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தாலோ, பந்து மேசையை விட்டுப் பறந்தாலோ, க்யூ (ஆடும் கோல்) முனை இரண்டு முறை பட்டாலோ எதிராளிக்குப் பால் இன் ஹேண்ட், அதாவது வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை. 9 விழுந்தால் ஃபுட் ஸ்பாட்டில் (பந்துகளை அடுக்கும் பக்கத்துப் புள்ளியில்) திரும்ப வைப்பார்கள். வேறு பந்து விழுந்தால் விழுந்ததுதான். அடிக்கும் முன் நடுவரிடமோ எதிராளியிடமோ வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அடித்தால் அது சாதாரண அடி. 1-ஐத் தொடாமல் போனால் ஃபௌல். நல்ல புஷ் முடிந்ததும், அந்த நிலையில் தானே ஆடுவதா, புஷ் செய்தவரையே ஆடச் சொல்வதா என்பதை எதிராளி முடிவு செய்வார்.

பழைய நைன் பாலில் ஆட்டத்தின் எந்த அடியிலும் புஷ் அறிவிக்க முடிந்தது. டெக்சஸ் எக்ஸ்பிரஸ் என்ற புதிய விதித்தொகுப்பு பரவிய பிறகுதான் அது பிரேக்குக்கு அடுத்த ஓர் அடியாகச் சுருங்கியது. ஒரே வாய்ப்பு என்பதால் அதன் மதிப்பும் கூடியது.

தேர்ந்தெடுக்கும் உரிமை எதிராளியிடம் இருக்கிறது என்பதிலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது. வீட்டில் ஒரு மாம்பழத்தை அண்ணன் வெட்ட, தம்பி முதலில் எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. ஒரு நிலையில் யார் ஆடினாலும் நூற்றுக்கு எழுபது முறை ரேக்கை வெல்லலாம் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி தானே ஆடுவார். நமக்கு மிஞ்சுவது முப்பது. யார் ஆடினாலும் முப்பதுதான் என்றால் நம்மிடமே தள்ளிவிடுவார். அப்போதும் நமக்கு முப்பது. எளிதாக விட்டாலும் கடினமாக விட்டாலும் இழப்பு ஒன்றே. சம திறமை உள்ள இருவருக்குள் மிகச் சிறந்த புஷ்கூட ஐம்பதுக்கு ஐம்பதைத்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நமக்குக் கைவந்து அவருக்குக் கைவராத அடியை விட வேண்டும். அதே நிலையில் அவர் ஆடினால் நாற்பத்தைந்து, நாம் ஆடினால் ஐம்பத்தைந்து என்றால், அவர் எதைத் தேர்ந்தாலும் அவருக்கு நாற்பத்தைந்துதான். (எண்கள் கணக்குக்காகச் சொன்னவை, மேசையில் யாரும் சதவீதம் போட்டுக்கொண்டு நிற்பதில்லை.)

அதனால் க்யூவைக் கீழே இறக்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இது என்னிடமே திரும்பி வந்தால் எந்த அடியை ஆடுவேன்? பதில் இல்லாமல் அடித்த புஷ், எவ்வளவு மென்மையாக உருண்டாலும் தவறான புஷ்.

எந்த நிலையை விடுவது என்பது மேசையைப் பொறுத்தது. பந்துகள் எல்லாம் விரிந்து கிடந்தால் 1-ஐப் பாக்கெட் செய்பவர் ரேக்கையே முடித்துவிடுவார். அங்கே நீளமான, சாய்வான அடியையாவது விட வேண்டும்: ஒன்பது அடி மேசையில் 1-க்கு ஆறு டயமண்ட் (மேசை விளிம்பில் உள்ள அளவுக் குறிகள்) தொலைவு, அதாவது 75 அங்குலம், பந்தை முப்பது டிகிரி அளவு திருப்ப வேண்டிய வெட்டு. 5-உம் 9-உம் ஒட்டிக்கொண்டு கிடக்கிற மேசையில் கதை வேறு. 1 விழுந்தாலும் ஆட்டம் பாதியில் சிக்கும் என்பதால் யார் நல்ல சேஃப்டி (எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி விடும் அடி) வைக்கிறார் என்பதே கேள்வியாகிறது. 1-ஐ மெல்ல உரசிவிட்டு வெள்ளைப் பந்தைக் கொத்துக்குப் பின்னால் ஒளிக்கக்கூடிய இடம் அப்போது மிக நல்ல புஷ். 9 பாக்கெட் வாயில் தொங்கிக்கொண்டு 1-ஆல் தட்டக்கூடியதாக இருந்தால், புஷ்ஷிலேயே அதை விழச் செய்து ஃபுட் ஸ்பாட்டுக்கு அனுப்பிவிடலாம். இந்த வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை.

1-ஐ மறைத்து விடும் புஷ் எதிராளியைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரேயெஸ் போல குஷனில் முட்டி வந்து பந்தைத் தொடுவதில் வல்லவரிடம் ஒரு குஷன் கிக்கை விடுவது பரிசு கொடுப்பதற்குச் சமம். 1 குஷனை ஒட்டி நின்றால் கிக் இன்னும் எளிது. நேராகப் பட்டாலும் குஷனில் பட்டு வந்தாலும் தொட்டுவிடும், இலக்கின் அகலமே கூடிவிடுகிறது. ஜம்ப் க்யூ (வெள்ளைப் பந்தைத் துள்ளவைக்கும் குட்டைக் கோல்) வைத்திருப்பவருக்குத் தடுப்புப் பந்து பன்னிரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் தாண்டுவது பெரிய வேலையில்லை. வெள்ளைப் பந்துக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு பந்தின் அகலமே இடைவெளி என்றால் க்யூவை மிகச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். பலரும் அதில் தடுமாறுவார்கள். ஜம்ப் க்யூவுக்கு அனுமதி இல்லாத போட்டிகளும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது.

இடத்தைத் தேர்ந்த பின்பும் புஷ் கெடுவது வேகத்தில். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இதைத்தான். தடுப்புப் பந்து வெள்ளைப் பந்துக்கும் 1-க்கும் சரியாக நடுவில் இருக்கிறது, வெள்ளைப் பந்தை 1-இன் ஓரம் மட்டும் தெரியும் இடத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் கூடுதலாக உருண்டாலே, உரச மட்டும் முடிந்த நிலை பாதிப் பந்தில் அடிக்கக்கூடிய நிலையாகிவிடும். பந்தின் விட்டமே இரண்டேகால் அங்குலம்தான். பார்வைக் கோட்டைக் குறுக்கே வெட்டும் பாதையில் எல்லாம் இந்த ஆபத்து இருக்கிறது. மாறாக, விட நினைக்கும் அடியின் கோட்டிலேயே முன்னோ பின்னோ உருளும்படி பாதையைத் தேர்ந்தால், நாலைந்து அங்குலம் பிசகினாலும் தொலைவுதான் மாறும், கோணம் பெரிதாக மாறாது. வேகத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கு இன்னொரு வழியும் உண்டு: குஷனை ஒட்டி நிற்கும்படி மெதுவாக உருட்டுவது. குஷனில் ஒட்டிய வெள்ளைப் பந்தின் மேல்பகுதியில்தான் அடிக்க முடியும். பின்சுழல் கொடுக்க முடியாது, நீளமான பாக்கெட் அடி நடுங்கும். அது நம்மிடம் திரும்பினாலும் அதே சங்கடம்தான் என்பதை மறக்கக் கூடாது. குஷனிலிருந்து ஆடிப் பழகியவர் மட்டும் அதை விடலாம்.

எடுத்துக்கொள்ளும் பக்கத்திலும் தவறுகள் உண்டு. "விட்டதை அடித்துக் காட்டுகிறேன்" என்ற வீம்பு ஒன்று. எதுவாக இருந்தாலும் "நீயே ஆடு" என்று பழக்கத்தில் சொல்வது இன்னொன்று. மேசையைச் சுற்றி நடந்து, முதலில் பாக்கெட் அடியின் கோட்டையும், பிறகு சேஃப்டியின் கோட்டையும், கடைசியாக 2 எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். 1 விழுந்தும் 2-க்கு வர வழியில்லையென்றால் அந்த அடி பார்வைக்குத்தான் எளிது. ஷாட் க்ளாக் (ஓர் அடிக்கான நேர வரம்பு) 30 வினாடி ஓடும் போட்டிகளில் இந்தச் சுற்றுக்கே பாதி நேரம் போய்விடும். ஆகவே எதிராளி புஷ் அறிவித்த உடனே பார்க்கத் தொடங்க வேண்டும்.

புஷ் கிடைக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1-இன் ஓரம் தெரிந்து, உரசி ஒளிக்க வழி இருந்தால் அதையே ஆடுவது மேல். அங்கே எதிராளிக்குத் தேர்வு கிடையாது, சிக்கல் மட்டும்தான் கிடைக்கும்.

பழகுவதற்கு நாங்கள் தரும் முறை எளிது. 1-ஐ ஃபுட் ஸ்பாட் அருகில் வைத்து, ஒரு பந்தால் மறைத்து, மற்ற பந்துகளைச் சிதறவிடுங்கள். புஷ் அடித்த பிறகு வெள்ளைப் பந்து, 1, தடுப்பு மூன்றும் நின்ற இடங்களைச் சிறு ஒட்டுத்தாளால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பத்து முறை ஆடிப் பாருங்கள். பாக்கெட் விழுந்து 2-க்கு வழி கிடைத்தாலும், நல்ல சேஃப்டியாக முடிந்தாலும் வெற்றி என்று கணக்கிடுங்கள். எட்டு, ஒன்பது வந்தால் விட்ட நிலை எளிது. இரண்டு, மூன்று என்றால் கடினம். ஐந்து, ஆறு வரும் நிலைகளைக் குறிப்பேட்டில் படமாக வரைந்து வையுங்கள். பிறகு அதே நிலைகளை, கூட ஆடும் ஒருவரைப் பத்து முறை ஆடச் சொல்லி அவருடைய எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் நிலைதான் அவருக்கு எதிராக நீங்கள் விட வேண்டிய புஷ்.