ரொட்டிப் பலகைப் பறவை

ஜனவரி 11, எடின்பரோ

பலகையில் செதுக்கித் தாளில் எடுக்கும் வண்ண மர அச்சில் பறவை என்றாலே ஆலன் சீபியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மேபெல் ராய்ட்ஸ் (1874–1941) மீதுதான் கண். இந்த ஊர்க் கலைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர். இந்தியாவில் பார்த்ததையெல்லாம் திரும்பி வந்து மரத்தில் செதுக்கியவர். ஆனாலும் நான் படித்த குறிப்புகளில் பாதி, ‘லம்ஸ்டனின் மனைவி’ என்றே ஆரம்பிக்கின்றன. செப்புத் தகட்டு அச்சு பற்றி அந்தக் கணவர் 1925இல் எழுதிய புத்தகம் இன்னும் கிடைக்கிறது. எரிச்சல்தான்.

இந்த அச்சின் ஜப்பானிய முறைக்குச் செர்ரி மரம்தான் உசத்தி. ராய்ட்ஸோ, வுல்வொர்த்ஸ் கடையில் ஆறு பென்ஸுக்கு விற்ற ரொட்டி வெட்டும் பலகையில் செதுக்கினாராம்.

ஜனவரி 12

நானும் ஒரு பலகை வாங்கிவிட்டேன். ஆறு பவுண்டு!

ஜனவரி 18

ஊர் ஓரத்துக் கிராமண்ட் கடற்கரையில் ஆய்ஸ்டர்கேட்சர் பறவைக் கூட்டம். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு அலகு. நிறம் குறைவு, எனக்கு வசதி. பலகையின் ஒரு பக்கத்தில் பறவை, மறுபக்கத்தில் கடல் என்று செதுக்கலாம்.

ஜனவரி 26

உளி மரத்தின் நாரோடு வழுக்கிப் பறவையின் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது. ஒற்றைக் காலில் நிற்கட்டும், நிஜத்திலும் அப்படித்தான் தூங்குகிறது.

பிப்ரவரி 2

நிறப்பொடியும் அரிசிக் கஞ்சியும் குழைத்துப் பலகையில் தடவி, ஈரத்தாளைப் போர்த்தி, மூங்கில் மடல் சுற்றிய வட்டால் தேய்க்க வேண்டும். அந்த வட்டுக்கு ஜப்பானியப் பெயர் பாரென். அவசரத்தில் எழுதினால் பேரன் ஆகிவிடுகிறது.

முதல் தாளில் கஞ்சி அதிகம். இறகெல்லாம் புள்ளி புள்ளியாக ஊறியது. மூன்றாவதில் தாள் காய்ந்து சுருங்கியதால், கடலுக்கும் முதுகுக்கும் நடுவே வெள்ளைக் கீற்று. பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டிப்பார்த்து, “காகம் கேரட் தின்கிறதா?” என்றாள்.

பிப்ரவரி 9

நான்கு தாளும் ஒன்றுபோல் வர, கரண்டியால் அளந்து நிறம் கலந்தேன். வரவில்லை. ராய்ட்ஸ் பலகை மேலேயே தூரிகையால் தீட்டுவார், தாளுக்குத் தாள் நிறத்தை மாற்றுவார். அதனால் ஒரே பலகையில் எடுத்த அவருடைய அச்சுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐந்தாவதற்குக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, அலகுக்குக் கலந்ததில் மிஞ்சிய ஆரஞ்சைக் கடலின் ஓரத்தில் இழுத்துவிட்டேன். மாலை வந்துவிட்டது, கிராமண்டில் அன்று நான் பார்க்காத மாலை.

ஆறாவது தாள் ஈரத்துணிக்குள் இருக்கிறது. கடலுக்கு இன்னும் நிறம் முடிவு செய்யவில்லை.