மொட்டைமாடியில் கறிவேப்பிலை அழகி: முட்டை முதல் றெக்கை வரை

கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியை வளர்த்த குறிப்பு இது. இடம் சென்னை தண்டையார்பேட்டை, 12 அங்குலத் தொட்டிக் கறிவேப்பிலை. கொழுந்து இலையில்தான் முட்டை வரும், அதனால் புதுக் கொழுந்து விட பத்து நாள் முன்பே நுனி கிள்ளியாயிற்று. கிடைத்தது 6. குண்டூசித் தலை அளவு, இளமஞ்சள், தனித்தனியாக. முட்டையாகவே இலையோடு எடுத்துவிட வேண்டும். வளர்ந்த புழுவைப் பிடித்து வந்தால், பலவற்றில் குளவியோ ஈயோ ஏற்கெனவே உள்ளே குடியேறியிருக்கும்.

நான்காம் நாள் 5 பொரித்தன. முதல் தீனி முட்டை ஓடுதான், குப்பை என்று துடைத்துவிடாதீர்கள். ஐஸ்கிரீம் டப்பா, அடியில் செய்தித்தாள், வாயில் மல்துணி, ரப்பர் பேண்டு. பிளாஸ்டிக் மூடி போட்டால் உள்ளே வியர்க்கும். கடற்கரைப் புழுக்கத்தில் புழுக்கை பூசணம் பிடித்து, புழு கறுத்துக் கூழாகும். இலைக்காம்பு நிற்கும் தண்ணீர்க் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் புழு இறங்கி மூழ்கிவிடும். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். மருந்தடித்ததாக இருந்தால் கழுவியும் பயனில்லை: புழு பச்சையாகக் கக்கிச் சுருண்டுவிடும்.

ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்டது ஒரு பருவம். நான்கு பருவம் வரை புழு பறவை எச்சம் போலத்தான் இருக்கும். அசையாமல் கிடந்தால் தோலுரிக்கப் போகிறது. அப்போது பிடுங்கி இடம் மாற்றிய ஒன்று, பழைய தோல் பின்பக்கம் சிக்கிச் செத்தது. மிச்சம் 4.

ஐந்தாம் பருவத்தில் உடம்பு பச்சையாகும், சீண்டினால் சிவப்புக் கொம்பு நீளும், ஒரு வாடை. தீனியெல்லாம் இப்போதுதான். அதுவரை தின்றதை இரண்டே நாளில் தின்னும். ஒரு தொட்டி காணாது, மூன்று தொட்டியாவது இருக்கட்டும்.

18ஆம் நாள் தண்ணீராகப் பேதி, பிறகு கூடு கட்ட இடம் தேடி ஓட்டம். சாய்த்து வைத்த சொரசொரப்பான குச்சியில் அடியை ஒட்டி, இடுப்பில் ஒரு நூல் கட்டிக்கொண்டது. கூடு இறுகாத முதல் நாள்தான் ஆபத்து: பொடிக் குளவி காத்திருந்து துளைக்கும். துணியைத் திறந்து வைத்த ஒரு கூட்டில் பின்னால் ஊசித்துளை விழுந்து, பட்டாம்பூச்சிக்குப் பதில் குளவிக் கூட்டம் வந்தது.

கூடான பத்தாம் நாள் கூட்டுத் தோலில் றெக்கை நிறம் தெரிந்தது; மறுநாள் காலை 3 வந்தன. தொங்க இடமில்லாவிட்டால் றெக்கை மடங்கியே காய்ந்துவிடும். ஆண் 2, பெண் 1. அந்தப் பெண் பார்க்க அப்படியே ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சி. ஆடுதீண்டாப்பாளை தின்று வளரும் ரோஜா அழகிக்கு உடம்பில் நஞ்சு, பறவை தொடாது; இவள் வேஷம் மட்டும் போடுகிறாள். உடம்பைப் பாருங்கள்: ரோஜா அழகிக்குச் சிவப்பு, இவளுக்குக் கறுப்பு.