நத்தாருக்கு முதல் நாள், நுவரெலியாவுல நான் மட்டும்

எங்க தேயிலைத் தோட்டத்துல இருந்து நுவரெலியா டவுனுக்கு பஸ்ல ஒன்றரை மணித்தியாலம்தான், ஆனா இந்த இருபத்தெட்டு வயசு வரைக்கும் நான் அங்க போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு, ஐடென்டிட்டி கார்ட் வேலைக்கு, ஒரே ஒரு தடவ ஸ்கூல் ட்ரிப்புக்கு, அவ்வளவுதான். ஊர் பாக்கணும்னு போனதே இல்ல. அதான் இந்த தடவ கொழும்புல இருந்து நத்தார் (கிறிஸ்மஸ்) லீவுக்கு வர்றப்ப 23ஆம் திகதி ராத்திரியே டவுன்ல ஒரு சின்ன ரூம் எடுத்துட்டேன், 24 பகல் முழுக்க தனியா சுத்திட்டு பொழுதுசாய வீட்டுக்குப் போயிரலாம்னு. வீட்டுல சொல்லல. ரூம்காரக்கா மட்டும் மூணு தடவ கேட்டாங்க, "தனியாவா தங்கச்சி வந்தீங்க?"ன்னு. ஆமாக்கா, தனியாத்தான்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காம இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒண்ணு கொண்டாந்து வச்சிட்டுப் போனாங்க.

காலைல ஏழு மணிக்கு வெளிய வந்தா வாயத் தொறந்தாலே புகை வருது. 1868 மீட்டர் உயரம், டிசம்பர் மாசம், மழைத்தூத்தல் வேற, கொழும்பு வெக்கைல மூணு வருசம் கிடந்த உடம்பு நடுங்கிப் போச்சு. மொதல்ல விக்டோரியா பார்க். ராணி பட்டத்துக்கு வந்து 60 வருசமானதுக்கு 1897ல பேர் வச்ச பார்க். பூ பாக்கப் போனவ பூவை விட்டுட்டு ஓடையோரமா அரை மணித்தியாலம் நின்னுட்டேன், ஏன்னா அங்க கேமராவோட குந்தியிருந்த ஒரு அண்ணன் பேசாம கையால மட்டும் காட்டுனாரு, சருகுக்குள்ள குட்டையா ஒரு குருவி, பச்சை முதுகு, கண்ணுல மை இழுத்துவிட்ட மாதிரி கறுப்புக் கோடு, அடிவயித்துல குங்குமச் செவப்பு, பறக்காம தத்தித் தத்தி சருகைப் பொரட்டிக்கிட்டே போகுது. ஆறுமணிக்குருவி. காலைல ஆறுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் கத்துறதால அந்தப் பேராம். வடக்க இமயமலை அடிவாரத்துப் பக்கம் குளிர் வந்தா அங்கருந்து கிளம்பி கடல் தாண்டி இங்க வருது, மறுபடி வெயில் காலத்துக்குத் திரும்பிருது. கையளவுதான் இருக்கும் அது.

அப்புறம் தபால் கந்தோர். இதுக்காகத்தான் நான் வந்ததே. 1894ல கட்டுன செங்கல் கட்டடம், மேல கூம்பா மணிக்கூட்டுக் கோபுரம், எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிற எடம். 2023ல இதை ஹோட்டலுக்குக் குடுக்கப் போறதா பேச்சு வந்தப்ப தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்களே, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உள்ள போனா சாதாரண தபால் கந்தோர்தான், க்யூ, பசை வாசம், டம்முன்னு சீல் குத்துற சத்தம். நான் ஒரு நத்தார் வாழ்த்து கார்டும் முத்திரையும் வாங்கி ஓரமா நின்னு அம்மா பேர எழுதினேன்.

பேர எழுதியாச்சு, அதுக்குக் கீழ என்ன எழுதறது? லயத்து (தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீட்டு) நம்பர், டிவிசன், தோட்டம், டவுன். வீட்டு நம்பர் கிடையாது, ரோட்டுக்குப் பேர் கிடையாது. லயத்துல எங்க காம்பராவுக்குன்னு, அதாவது எங்க ரூமுக்குன்னு, ஒரு விலாசம் இல்ல. கடிதமெல்லாம் தோட்ட ஒபீசுக்குப் போயி, அங்க கிடந்து, யாராச்சும் எடுத்துட்டு வந்தாத்தான் கைக்கு வரும். ஏ எல் பரீட்சை முடிச்ச வருசம் எனக்கு ஒரு இன்டர்வியூ லெட்டர் வந்துச்சு, திகதி முடிஞ்சு நாலு நாள் கழிச்சு. அன்னைக்கு அம்மா அந்த கவரை கையில வச்சிக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. இது எனக்கு மட்டும் நடந்ததில்ல, மலையகத்துல எந்த லயத்துல கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். முகவரி இல்லாட்டி வேலை இல்ல, பேங்க் கடிதம் இல்ல, ஒண்ணுமில்ல. அம்மா பேருக்குன்னு இது வரைக்கும் ஒரு கடிதம்கூட வந்ததில்ல, அதனால எழுத்தெல்லாம் பெருசு பெருசா எழுதி பெட்டியில போட்டேன்.

அங்கருந்து நடந்தே ஹோலி ட்ரினிட்டி சர்ச். 1852ல திறந்தது. சுத்தி கல்லறைங்க, பாசி புடிச்ச கல்லுல வெள்ளைக்கார துரைமார் பேரு, சின்னச் சின்னப் பிள்ளைங்க பேரு, மாசக்கணக்குலகூட வயசு வெட்டியிருக்கு. அதைப் படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு, எந்த ஊர்ப் பிள்ளையா இருந்தா என்ன. ஆனா அதே 1852ல நம்ம ஆளுங்க தமிழ்நாட்டுல இருந்து வந்து மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்துட்டு இருந்தாங்க, காப்பித் தோட்டத்துக்கு, காய்ச்சல்லயும் பேதிலயும் வழியிலயே விழுந்தவங்க எத்தனையோ பேர், அவங்களுக்குக் கல்லு கிடையாது. இந்த ஊர லிட்டில் இங்லண்ட்னு சொல்றாங்கள்ல, எனக்கு அது சுத்தமா பிடிக்கல. இந்த மலையில ரோடு வெட்டுனதும், காடழிச்சதும், இன்னைக்கும் கொழுந்து எடுக்கிறதும் நாங்க. இது எங்க ஊரு. உள்ள கரோல் ப்ராக்டிஸ் நடந்துச்சு, தமிழ்ல. கடைசி வரிசைல பாட்டுப் புத்தகத்தைப் புடிச்சிருந்த ஒரு அம்மாவோட விரலைப் பாத்தேன், நுனியெல்லாம் தேயிலைக் கறை ஏறி வெடிச்சு கறுத்திருந்துச்சு. எங்கம்மா கை மாதிரியே. அந்தக் கை எங்க வந்தாலும் மறையாது.

மத்தியானம் மார்க்கெட் பக்கம் ரொட்டியும் கட்டசம்பலும். லீக்ஸ், கரட், கோவா எல்லாம் மண்ணோட மலையா குமிச்சிருந்தாங்க, ரோட்டோரத்துல சைப்ரஸ் கிளை வெட்டி நத்தார் மரம்னு வித்துட்டு இருந்தாங்க. தம்பிக்கு ஒரு குளிர் தொப்பி, வீட்டுக்கு ரவையும் கஜுவும் போட்ட கேக் ஒண்ணு. கிரகரி வாவி 1873ல கவர்னர் கிரகரி காலத்துல கட்டுனது, போட்டும் குதிரையும் கூட்டமுமா இருந்துச்சு, ஒரு சுத்து நடந்துட்டு வந்துட்டேன்.

அஞ்சரை மணிக்கு ஹட்டன் பஸ். நானுஓயா தாண்டி லிந்துலை பக்கம் வர்றப்ப இருட்டிப் போச்சு, அப்பத்தான் லயத்து வாசல்கள்ல நட்சத்திரக் கூடு ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிச்சுச்சு, மூங்கிக் குச்சியும் டிஸ்யூ பேப்பரும் ஒட்டி பிள்ளைங்க செய்யிறது. வேதக்கார வீடு, இந்து வீடுன்னு இல்ல, எல்லா வாசல்லயும். டவுன்ல பார்த்த அத்தனை லைட்டை விட இதுதான் எனக்கு நத்தார்.

அம்மா வாசல்லயே நின்னாங்க. "ஏன்டி இவ்ளோ நேரம்?" பஸ் லேட்டும்மான்னு சொல்லிட்டேன். ராத்திரி பூசைக்கு மாதா கோயிலுக்கு பனியில சேர்ந்து நடந்து போனோம், என் கையைப் புடிச்சிக்கிட்டே வந்தாங்க.

இன்னைக்கு 29. கார்ட் இன்னும் வரல. நாளைக்கு அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனப்புறம் தோட்ட ஒபீசுக்குப் போய் கேட்டுட்டு வரணும்.